ஹாரோ கவுன்சில் தேர்தல், மே 7, 2026: நம்மவர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

மே 7, 2026 வியாழக்கிழமை லண்டனின் 32 பரோக்களிலும், அதாவது உள்ளூராட்சிப் பகுதிகளிலும், கவுன்சில் தேர்தல் நடக்கிறது. இந்தப் பக்கம் வடமேற்கு லண்டனில் உள்ள ஹாரோ பரோவில் இருக்கும் தமிழர்களுக்கானது. சவுத் ஹாரோ கடைத்தெருவிலும் ரேனர்ஸ் லேனிலும் வீல்ட்ஸ்டோனிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். எந்தக் கட்சிக்குப் போடுங்கள் என்று சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: வாக்குரிமை இருந்தும், இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் நம்மிடையே பலர். அவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கடைசி நாள் ஏப்ரல் 20, திங்கட்கிழமை.

இது என்ன தேர்தல்? யாரைத் தேர்ந்தெடுக்கிறோம்?

ஹாரோ கவுன்சிலின் 55 கவுன்சிலர்களை. பரோ 22 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வார்டைப் பொறுத்து இரண்டு பேரோ மூன்று பேரோ தேர்வாவார்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல். எம்பி தேர்தலோ லண்டன் மேயர் தேர்தலோ இது இல்லை. ஹாரோவுக்கென்று ஒரு மேயர் உண்டு, ஆனால் அவரை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. அது ஒரு மரியாதைப் பதவி. அதிகாரம் கவுன்சில் தலைவரிடம் இருக்கிறது. அவரைத் தேர்வு செய்வது கவுன்சிலர்கள்.

என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட்தான் இருக்கிறது. என் கணவரிடம் இலங்கைப் பாஸ்போர்ட். பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமல் வாக்களிக்க முடியுமா?

முடியும். இருவருமே வாக்களிக்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா, கனடா எல்லாமே காமன்வெல்த் நாடுகள். காமன்வெல்த் குடிமக்கள் 18 வயது நிரம்பி, இங்கே வசித்து, இந்த நாட்டில் இருக்க அனுமதி பெற்றிருந்தால் அவர்களுக்கு வாக்குரிமை உண்டு. நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த பிறகுதான் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. மாணவர் விசாவில் இருப்பவர், வேலை விசாவில் வந்த நர்ஸ், ஐடி ஊழியர், அவர்களோடு வந்த துணைவர் என எல்லோருக்கும் இதே உரிமைதான். இத்தனை ஆண்டுகள் இங்கே இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. போன மாதம் வந்து, ஹாரோவில் வீடு எடுத்துக் குடியேறியவரும் பதியலாம். கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் இவர்களுக்கு வாக்கு உண்டு.

சில வாரங்கள் பேரப்பிள்ளைகளைப் பார்க்க விசிட் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவை இதில் சேர்க்காதீர்கள். இந்த முகவரியில் வசிப்பவர் என்பதுதான் அடிப்படை. வந்து தங்கிப் போகிறவர் வசிப்பவர் ஆகமாட்டார்.

நாங்கள் பிரான்சிலிருந்து வந்தோம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட். போன தேர்தலில் வாக்களித்தேனே, இந்த முறை?

ஐரோப்பாவில் குடியேறி, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. 2024 மே மாதம் சட்டம் மாறிவிட்டது. முன்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் எந்த நாட்டுக் குடிமகனும் இங்கே உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்க முடிந்தது. இப்போது இரண்டு வகையினருக்குத்தான் அந்த உரிமை.

2020 டிசம்பர் 31-க்கு முன்பிருந்தே இங்கே சட்டபூர்வமாக வசித்து வருபவர்களுக்கு எந்த ஒன்றிய நாட்டுப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் பழைய உரிமை அப்படியே தொடர்கிறது. அதற்குப் பிறகு வந்தவர் என்றால் டென்மார்க், போலந்து, போர்ச்சுகல், ஸ்பெயின், லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாட்டவருக்கு உண்டு, அந்நாடுகளோடு பிரிட்டன் தனி ஒப்பந்தம் செய்திருப்பதால். ஆகவே 2018-ல் பாரிஸிலிருந்து வந்த குடும்பத்துக்கு வாக்கு உண்டு. 2022-ல் வந்த பிரெஞ்சு, ஜெர்மன், டச்சுப் பாஸ்போர்ட்காரருக்கு இல்லை. அயர்லாந்துக் குடிமக்களுக்கு எப்போது வந்திருந்தாலும் உண்டு. சைப்ரஸ், மால்டா இரண்டும் காமன்வெல்த்திலும் இருப்பதால் அவர்களுக்கும் சிக்கல் இல்லை.

நார்வே, சுவிட்சர்லாந்துப் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வாக்கு கிடையாது. ஓஸ்லோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

அகதி அந்தஸ்து கிடைத்திருக்கிறது. வாக்களிக்கலாமா? இன்னும் முடிவு வராதவர்கள்?

அந்தஸ்து கிடைத்து, நாட்டில் தங்க அனுமதி பெற்றுவிட்ட இலங்கைக் குடிமக்கள் பதியலாம். விண்ணப்பித்து, எந்த அனுமதியும் இல்லாமல் முடிவுக்குக் காத்திருப்பவர்கள் பதிய முடியாது.

வாக்களித்தால் விசா நீட்டிப்புக்கோ குடியுரிமை விண்ணப்பத்துக்கோ பாதிப்பு வருமா?

வராது. சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்தியதற்காக யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது. விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுப்பதுதான் குற்றம். தகுதி இல்லாதவர் பதியக்கூடாது. தகுதி உள்ளவர் பயப்படத் தேவையில்லை. இந்தப் பயத்தில் பத்து ஆண்டுகள் ஒதுங்கியிருந்துவிட்டு, குடியுரிமை வாங்கிய பிறகு முதல் வாக்குப் போடும் மனிதர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அத்தனை ஆண்டும் கவுன்சில் வரி கட்டியவர்கள் அவர்கள்.

கவுன்சில் வரி என் பெயரில்தான் வருகிறது. அப்படியென்றால் என் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கும்தானே?

இருக்கும் என்று உறுதி இல்லை. இரண்டும் வேறு வேறு பதிவுகள். வரி கட்டுவதால் பட்டியலில் பெயர் தானாக ஏறுவதில்லை. வீடு மாறினால் பழைய பதிவு புது முகவரிக்குத் தானாக வருவதும் இல்லை. மறுபடி பதிய வேண்டும். வீட்டில் ஒருவர் பதிந்தால் எல்லோரும் பதிந்ததாகவும் ஆகாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக.

ஆண்டுதோறும் கோடை முடியும் நேரத்தில் உங்கள் வீட்டில் யார் யார் வாக்காளர் என்று கேட்டு கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வரும். விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறோம். பெயர் இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் ஹாரோ கவுன்சிலின் தேர்தல் பிரிவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

எப்படிப் பதிவது?

அரசாங்கத்தின் இணையதளத்தில் வாக்காளர் பதிவுப் பக்கம் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, முகவரி, குடியுரிமை, நேஷனல் இன்சூரன்ஸ் எண் இவ்வளவுதான் கேட்பார்கள். பணம் எதுவும் கட்ட வேண்டாம். இன்சூரன்ஸ் எண் இன்னும் வராத புது மாணவரும் விண்ணப்பிக்கலாம். ஏன் இல்லை என்று எழுதினால் கவுன்சில் வேறு ஆவணம் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஏப்ரல் 20 நள்ளிரவுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

படிவத்தின் கடைசியில் ஓபன் ரெஜிஸ்டர் பற்றி ஒரு கேள்வி வரும். அது யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கக்கூடிய பட்டியல். அதில் பெயர் வேண்டாம் என்று குறிப்பிட்டுவிடுங்கள். வாக்குரிமைக்கு ஒரு குறையும் வராது. வன்முறைக்குத் தப்பி வந்து முகவரியை மறைத்து வாழ்பவர்கள் பெயரே வெளியில் தெரியாமல் பதியவும் தனி வழி உண்டு. கவுன்சிலைக் கேளுங்கள்.

கடன் அட்டையோ வீட்டுக் கடனோ கேட்கும்போது முகவரியைச் சரிபார்க்க வங்கிகள் இந்தப் பதிவைப் பார்ப்பதுண்டு. புதிதாக வந்தவர்களுக்கு அது கூடுதல் பயன்.

எங்கள் பெயர்களே குழப்பம். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, லைசென்ஸில் ஒரு மாதிரி. எந்தப் பெயரில் பதிவது?

வாக்குச்சாவடிக்குக் கொண்டுபோகப் போகும் அடையாள அட்டையில் இருப்பது போலவே பதியுங்கள். நம் ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கார்த்திகேயன் என்பவர் ஊரில் எஸ். கார்த்திகேயன். பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பாவின் பெயர் சுப்பிரமணியம் குடும்பப் பெயர் ஆகியிருக்கும். சிலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் முதலிலும் தன் பெயர் கடைசியிலும் வந்து, அலுவலகத்தில் எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். திருமணமான பெண்களுக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், பிறகு எடுத்த லைசென்ஸில் கணவர் பெயர்.

ஓரெழுத்து வித்தியாசம், இனிஷியல் விட்டுப்போனது போன்ற சின்ன மாற்றங்களுக்குச் சாவடி அலுவலர் ஒத்துக்கொள்ளலாம். முழுப் பெயரே வேறாக இருந்தால் சிக்கல்தான். அப்போது பெயர் மாறியதற்கான சான்று, உதாரணமாகத் திருமணச் சான்றிதழ், கையில் இருக்க வேண்டும். இன்னும் நல்லது, ஏப்ரல் 20-க்கு முன்பே பட்டியலில் பெயரைத் திருத்திக்கொள்வது. ஏப்ரலில் தபாலில் வரும் போல் கார்டை (உங்கள் பெயரும் சாவடியும் போட்ட அறிவிப்பு அட்டை) பாஸ்போர்ட்டின் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த அடையாள அட்டையைக் கொண்டுபோக வேண்டும்?

2023 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தல்களில் படத்துடன் கூடிய அடையாள அட்டை கட்டாயம். அது இல்லாமல் வாக்குச்சீட்டு தரமாட்டார்கள். போல் கார்டு அடையாள அட்டை ஆகாது. அதைக் கொண்டுபோகாவிட்டாலும் பரவாயில்லை.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டுமல்ல, காமன்வெல்த் நாடுகளின் பாஸ்போர்ட்டும் செல்லும். உங்கள் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டே போதும். பிரிட்டிஷ் டிரைவிங் லைசென்ஸ், தற்காலிக லைசென்ஸ் உட்பட, செல்லும். பெரியவர்களிடம் இருக்கும் பயண அட்டைகளான ஃப்ரீடம் பாஸ், 60 பிளஸ் ஆய்ஸ்டர், மாற்றுத்திறனாளிகளின் ப்ளூ பேட்ஜ் செல்லும். பிஆர்பி என்கிற பழைய விசா அட்டையும் செல்லும். அட்டை காலாவதியாகியிருந்தாலும் படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று தெரிந்தால் ஏற்பார்கள். காலாவதி பற்றிய இந்த விதி பாஸ்போர்ட்டுக்கும் லைசென்ஸுக்கும்கூடப் பொருந்தும்.

செல்லாதவை: இந்திய டிரைவிங் லைசென்ஸ், ஆதார், இலங்கைத் தேசிய அடையாள அட்டை, பல்கலைக்கழக அட்டை, மாணவர் ஆய்ஸ்டர், வேலையிட அட்டை. போனில் இருக்கும் படமோ ஜெராக்ஸோ செல்லாது. இப்போது விசா எல்லாம் இணையத்தில்தான், இ-விசாவாக. அதைப் போனில் திறந்து காட்டினாலும் ஏற்கமாட்டார்கள். கையில் பிடிக்கக்கூடிய அட்டையோ புத்தகமோ வேண்டும்.

பாஸ்போர்ட் ஹோம் ஆபிஸிலோ (உள்துறை அமைச்சகம்) தூதரகத்திலோ இருக்கிறது. வேறு அட்டையும் இல்லையே?

இதற்காகவே வோட்டர் அத்தாரிட்டி சர்டிபிகேட் என்று படத்துடன் கூடிய வாக்காளர் சான்று ஒன்றை இலவசமாகத் தருகிறார்கள். பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஒரு படமும் இன்சூரன்ஸ் எண்ணும் கொடுத்து விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் ஏப்ரல் 28, செவ்வாய், மாலை 5 மணி.

பத்து வருடமாக எனக்குத் தபாலில்தான் வாக்குச்சீட்டு வருகிறது. இந்த முறையும் வரும்தானே?

சரிபாருங்கள். தபால் வாக்கு விதிகள் 2023 அக்டோபர் 31-ல் மாறின. அதற்கு முன்பு போட்ட பழைய ஏற்பாடுகள் 2026 ஜனவரி 31-ஓடு முடிந்துவிட்டன. புதிதாக விண்ணப்பிக்காதவர்களுக்குத் தபாலில் எதுவும் வராது. வரும் வரும் என்று காத்திருக்கும் தாத்தா பாட்டிகள் நம் வீடுகளில் இருப்பார்கள். இந்த வாரமே கேட்டுப் பார்த்துவிடுங்கள். புது விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் ஏப்ரல் 21, செவ்வாய், மாலை 5 மணி. புது விதிப்படி அதிகபட்சம் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும்.

தபால் வாக்கோடு ஒரு தாள் வரும். அதில் பிறந்த தேதியும் கையெழுத்தும் வேண்டும். விண்ணப்பத்தில் போட்ட கையெழுத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். விண்ணப்பத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தால் இங்கேயும் தமிழில்தான். பிறந்த தேதி இடத்தில் பழக்கதோஷத்தில் அன்றைய தேதியை எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அந்த வாக்கு எண்ணப்படாது.

தபால்பெட்டியில் போட நேரம் தவறிவிட்டால் மே 7 அன்று வாக்குச்சாவடியில் நேரில் கொடுக்கலாம். உங்களுடையதோடு வேறு ஐந்து பேருடையதையும் கொண்டுபோகலாம். அங்கே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கவுன்சில் அலுவலக வாசலில் இருக்கும் கடிதப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் சேராது.

அந்த நேரம் ஊரில் இருப்பேன். என்ன செய்யலாம்?

ஏப்ரல் கடைசியில் யாழ்ப்பாணத்துக்கோ மதுரைக்கோ தபாலில் சீட்டு வந்து, மே 7-க்குள் திரும்பி வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது. ப்ராக்ஸி போடுங்கள். அதாவது நீங்கள் நம்பும் ஒருவர் உங்களுக்குப் பதிலாக உங்கள் சாவடிக்குப் போய் வாக்களிப்பார். ஏப்ரல் 28 மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவருக்கும் இந்தத் தேர்தலில் வாக்களிக்கும் தகுதி வேண்டும். அவருடைய அடையாள அட்டையைத்தான் காட்டுவார். ஒருவர் நான்கு பேருக்கு மட்டுமே ப்ராக்ஸி ஆகலாம், அதிலும் இங்கேயே வசிக்கும் வாக்காளர்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் தேர்தல் நாள் மாலை 5 மணி வரை அவசர ப்ராக்ஸி கேட்கலாம்.

வாக்குச்சீட்டில் எத்தனை பேருக்குப் போட வேண்டும்?

உங்கள் வார்டில் மூன்று இடம் என்றால் மூன்று பேர் வரை, இரண்டு இடம் என்றால் இரண்டு பேர் வரை. சீட்டின் தலைப்பிலேயே எண்ணிக்கை போட்டிருக்கும். பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டால் போதும். 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டாம்.

மூன்று வாக்கையும் ஒரே கட்சிக்குக் கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம்: ஒரு கட்சியில் இருவர், இன்னொரு கட்சியில் ஒருவர், அல்லது ஒரு சுயேச்சை. எல்லா வாக்கையும் பயன்படுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒருவரைத்தான் பிடிக்கும் என்றால் ஒரு குறி போட்டுவிட்டு மடித்துப் பெட்டியில் போடலாம். ஒருவருக்கே மூன்று குறி போட முடியாது. மூன்று இடத்துக்கு நான்கு குறி போட்டால் சீட்டு முழுவதுமே செல்லாது. சீட்டில் பெயரையோ கையெழுத்தையோ எழுதினாலும் செல்லாது. நம் ஊரில் கைநாட்டும் கையெழுத்தும் எல்லாத் தாளிலும் கேட்டுப் பழகியதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தவறிப் பிழையாகப் போட்டுவிட்டால் பெட்டியில் போடுவதற்கு முன்பு அலுவலரிடம் கொடுங்கள், புதுச் சீட்டு தருவார்.

பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் இருக்கும், கட்சிவாரியாக இருக்காது. ஒரே கட்சியின் மூன்று வேட்பாளர்கள் மேலே ஒருவர், நடுவே ஒருவர், அடியில் ஒருவர் என்று சிதறிக் கிடப்பார்கள். ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் கட்சிப் பெயரும் சின்னமும் இருக்கும். அவசரப்படாமல் அடிவரை படியுங்கள். வேட்பாளர் பட்டியல் ஏப்ரல் 10-க்குள் வெளியாகிவிடும். வீட்டிலேயே பார்த்து முடிவு செய்துகொண்டு போகலாம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நான் கூடப் போய்க் காட்டலாமா?

வாசிக்கத் தெரியாதவரும் பார்வைக் குறையோ உடற்குறையோ உள்ளவரும் உதவி கேட்கலாம். முதலில் அலுவலரிடம் சொல்ல வேண்டும். அவரே அம்மா சொல்கிறபடி குறி போட்டுக் கொடுக்கலாம். அல்லது நீங்கள் துணையாக ஒரு உறுதிமொழியில் கையெழுத்திட்டுவிட்டுக் கூடப் போகலாம். அம்மா சொல்வதைத்தான் போட வேண்டும்.

அப்படிச் சொல்லாமல் இருவராக மறைப்புக்குள் போகக்கூடாது. இன்னொருவருடைய வாக்கில் செல்வாக்குச் செலுத்த அவரோடு கூட நிற்பதைக் குற்றமாக்கி 2023-ல் சட்டமே வந்துவிட்டது. கணவன் மனைவிக்கும், மாமனார் மருமகளுக்கும் அது பொருந்தும். வீட்டுப் பெரியவர் எல்லோருடைய தபால் வாக்கையும் ஒன்றாக வைத்துத் தானே நிரப்புவதும் குற்றம். அவரவர் வாக்கு அவரவருடையது. யாருக்குப் போட்டீர்கள் என்று வீட்டில்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

கட்சிக்காரர் வந்து, தபால் வாக்கைக் கொடுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன் என்றால் கொடுக்காதீர்கள். பிரச்சாரம் செய்பவர்கள் மற்றவர்களின் தபால் வாக்கைக் கையாளச் சட்டம் தடை விதித்திருக்கிறது. வாக்குக்காக விருந்து வைப்பதும் குற்றம். கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பரோவில் 2014 மேயர் தேர்தலை 2015-ல் நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்தபோது, சொன்ன காரணங்களில் மதச் செல்வாக்கைப் பயன்படுத்தியதும் ஒன்று. நம் கோயில்களும் சங்கங்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். எல்லா வேட்பாளரையும் அழைத்துக் கேள்வி கேட்க வைப்பது நல்ல காரியம். கோயில் மேடையில் ஒருவருக்கு மட்டும் வாக்குக் கேட்பது வேறு.

கவுன்சில் என்னதான் செய்கிறது? குப்பை எடுப்பதற்கா இத்தனை தேர்தல்?

குப்பையும் முக்கியம்தான். கண்ட இடத்தில் மெத்தையும் சோபாவும் கொட்டிக் கிடக்கும் தெருவில் வாழ்பவர்களுக்கு அது தெரியும். ஆனால் கவுன்சிலின் பணத்தில் பெரும்பங்கு போவது முதியோர், மாற்றுத்திறனாளிகள், பாதுகாப்பில்லாத குழந்தைகள் ஆகியோரின் பராமரிப்புக்கு. அப்பாவுக்கு மறதி நோய் வந்து, தமிழ் தவிர வேறெதுவும் பேச மறந்துபோன வீடுகள் ஹாரோவில் இருக்கின்றன. மகள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறாள். யாரிடம் உதவி கேட்பதென்று தெரியாது; கேட்பது வெட்கம் என்றும் நினைக்கிறார்கள். 2014-ல் வந்த பராமரிப்புச் சட்டப்படி, அப்பாவுக்கு என்ன உதவி தேவை என்று கவுன்சில் வந்து மதிப்பிட வேண்டும்; பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் தனியாக மதிப்பீடு கேட்கும் உரிமை உண்டு. அந்தப் பிரிவுக்கு எவ்வளவு பணம், எத்தனை ஆட்கள் என்று முடிவு செய்பவர்களைத்தான் மே 7-ல் தேர்ந்தெடுக்கிறோம்.

வீட்டின் பின்னால் கூட்டிக் கட்ட அனுமதி, பக்கத்து வீடு அறை அறையாக வாடகைக்குப் போவது, ஸ்டேஷன் அருகே எழும் உயரமான அடுக்குமாடிகள், பள்ளி இடம், நூலகம், பூங்கா, பார்க்கிங், கடைகளுக்கான உரிமம், வீடற்றவர்களுக்குத் தங்குமிடம், பிறப்பு இறப்புப் பதிவு, எல்லாம் கவுன்சில் வேலை. ஜிபி என்கிற குடும்ப டாக்டரின் அப்பாயின்ட்மென்ட்டும் நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரியும் தேசியச் சுகாதார சேவையான என்ஹெச்எஸ் பொறுப்பு. பஸ்ஸும் டியூபும் லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல். விசா ஹோம் ஆபிஸ். விசாவை விரைவாக வாங்கித் தருவதாக ஒரு கவுன்சிலர் வேட்பாளர் சொன்னால் நம்பாதீர்கள்.

கவுன்சில் வரி ஏன் இவ்வளவு?

லண்டனில் வரி அதிகமான பரோக்களில் ஹாரோவும் ஒன்று. எந்தக் கட்சி ஆண்டபோதும் இந்தப் புகார் இருந்திருக்கிறது. ஆண்டுக்கு 5 சதவீதமோ அதற்கு மேலோ கூட்ட வேண்டுமானால் மக்களிடம் தனி வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பதால், அதற்குச் சற்றே கீழே நிறுத்துகிறார்கள். வரியின் ஒரு பகுதி லண்டன் மேயருக்குப் போகிறது, காவல்துறைக்கும் சேர்த்து. வேட்பாளர் வரியைக் குறைப்பேன் என்றால், எந்தச் செலவை நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள்.

தனியாக வசிப்பவருக்கு 25 சதவீதம் தள்ளுபடி உண்டு. எல்லோரும் முழுநேர மாணவர்களாக இருக்கும் வீட்டுக்கு வரியே இல்லை. இதைக் கேட்டு வாங்காமல் முழுத்தொகையும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் ஒரு வாக்கால் என்ன மாறப்போகிறது?

2022-ல் லண்டன் முழுக்க கன்சர்வேட்டிவ் கட்சி சரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர், வான்ட்ஸ்வொர்த், பார்னெட் எல்லாம் லேபர் கைக்குப் போயின. அதே நாளில் ஹாரோ எதிர்த்திசையில் திரும்பியது: லேபரிடமிருந்து கன்சர்வேட்டிவுக்கு, 31-க்கு 24 என்ற கணக்கில். பெரும்பான்மைக்கு 28 வேண்டும். நான்கு இடங்கள் கைமாறினால் அந்தப் பெரும்பான்மை போய்விடும். நாடாளுமன்றத் தேர்தலைவிடக் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்க வருபவர்கள் மிகவும் குறைவு. அதனால் ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் கூடுதலாகப் போய் வாக்களித்தாலே வார்டுக் கணக்கில் அது தெரியும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கட்சிகள் வீடு வீடாக வரும்போது கையில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டுதான் வருகின்றன. பட்டியலில் இல்லாத கதவை யாரும் தட்டுவதில்லை.

மகனுக்கு 17 வயது. 16 வயதில் வாக்கு என்று செய்தியில் சொன்னார்களே?

அரசு அறிவித்திருக்கிறது, இந்தத் தேர்தலுக்கு அது வராது. மே 7-ல் 18 ஆகியிருக்க வேண்டும். 16 வயதிலேயே பெயரைப் பதிந்துவைக்க மட்டும் முடியும். பல்கலைக்கழகத்துக்கு வெளியூர் போன பிள்ளைகள் இரண்டு முகவரியிலும் பதியலாம். இரண்டும் வேறு வேறு கவுன்சில் என்றால் இரண்டு உள்ளூராட்சித் தேர்தலிலும் வாக்களிக்கலாம்.

நானே நிற்க முடியுமா?

முடியும். காமன்வெல்த் குடிமகனாக இருந்தால், வாக்களிப்பதுபோல் சாதாரண விசா போதாது. நிரந்தர வதிவிட உரிமை வேண்டும். ஹாரோவில் பதிவு பெற்ற வாக்காளராகவோ, கடந்த 12 மாதங்களாக இங்கே வசிப்பவராகவோ வேலை செய்பவராகவோ இருக்க வேண்டும். கவுன்சிலின் ஊழியர்கள் நிற்க முடியாது. உங்கள் வார்டு வாக்காளர் இருவரின் கையெழுத்துப் போதும், டெபாசிட் கிடையாது. வேட்புமனு கொடுக்க ஏப்ரல் 9 மாலை 4 மணி வரை நேரம். நம்மவர்களும் நின்றிருக்கிறார்கள்: தயா இடைக்காடர் 2012-13 காலத்தில் இதே கவுன்சிலின் தலைவராக இருந்தவர். 2015-ல் ஹாரோ கிழக்கில் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்ற உமா குமரன், 2024-ல் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்று எம்பி ஆனார்.

அன்றைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

காலை 7 முதல் இரவு 10 வரை. இரவு 10 மணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தால் வாக்களிக்க விடுவார்கள். போல் கார்டில் போட்டிருக்கும் சாவடிக்குத்தான் போக வேண்டும். வேலையிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சாவடியில் முடியாது. இரவுப் பணி முடிந்து வருபவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுக்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது, பாஸ்போர்ட்டை முதல் நாளே பையில் எடுத்துவைத்துவிட்டு.

தேர்தல் முடிந்த பிறகு கவுன்சிலரை எப்படிப் பிடிப்பது?

ஒவ்வொருவருடைய மின்னஞ்சலும் போன் எண்ணும் கவுன்சில் தளத்தில் இருக்கும். நீங்கள் அவருக்கு வாக்களித்தீர்களா என்று அவருக்குத் தெரியாது. வாக்களிக்காதவர்களுக்கும் அவர்தான் கவுன்சிலர். எழுதும்போது முகவரி, நடந்தது என்ன, எந்தத் தேதியில் புகார் கொடுத்தீர்கள், கவுன்சில் கொடுத்த குறிப்பு எண் ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். வார்டுக்கு இரண்டு மூன்று பேர் இருப்பதால் ஒருவர் பதில் தராவிட்டால் அடுத்தவருக்கு எழுதலாம். ஆங்கிலம் தடுமாறினால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.